வாசித்து முடிக்கக்கூடிய இணையம்: ஆர்எஸ்எஸ் ஓடைகளை அமைக்கும் முறை

எக்ஸ்கேசிடி கேலிச்சித்திரம் திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று நாள் வரும். நாசாவின் ‘இன்றைய வானியல் படம்’ 1995 ஜூன் மாதத்திலிருந்து தினம் ஒன்றாக வந்துகொண்டிருக்கிறது. வன்பொருள் கைவேலைகளைப் பற்றி எழுதும் ஹேக்கடே தளத்தில் ஒரே நாளில் பல பதிவுகள் விழும். லினக்ஸ் கெர்னல் பற்றி ஆழமாக எழுதும் எல்டபிள்யூஎன் வார இதழ் வியாழக்கிழமை வரும். சந்தா கட்டாதவர்களுக்கு அடுத்த வாரம்தான் திறக்கும். பழைய கணினிகளைப் பழுதுபார்த்துக் காட்டும் ஒரு யூடியூப் சேனல் மாதத்துக்கு ஒரு வீடியோ போட்டாலே பெரிது.

தொழில்நுட்பப் பித்து உள்ளவர்களின் அன்றாட மகிழ்ச்சி இப்படிச் சின்னச் சின்ன வரவுகளில் இருக்கிறது. ஒவ்வொன்றும் தனக்கான வேகத்தில் வருகிறது. சமூக ஊடகத்தின் காலக்கோட்டில் இவை எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டும்போது, அடிக்கடி எழுதுபவர் மேலே நிற்பார், அரிதாக எழுதுபவர் காணாமல் போவார். நல்ல எழுத்து பெரும்பாலும் அரிதாக எழுதுபவர்களிடம்தான் இருக்கிறது. அதனால்தான் ஆர்எஸ்எஸ், அதாவது ஒரு தளத்தில் புதிதாக வருபவற்றைப் பட்டியலாக நம் செயலிக்குக் கொண்டுவந்து தரும் முறை, இன்னும் தேவைப்படுகிறது. அதில் வரிசையை நாமே தீர்மானிக்கலாம். அதைவிட முக்கியம், அதில் வாசிப்பு ஓர் இடத்தில் முடியும். பட்டியல் காலியானால் அன்றைய இணையம் முடிந்தது.

1999இல் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் முகப்புப் பக்கத்துக்காக உருவாக்கியது ஆர்எஸ்எஸ். 2002இல் மென்பொருளாளர் டேவ் வைனர் வெளியிட்ட 2.0 வடிவம்தான் இன்றும் பரவலாகப் புழங்குகிறது. 2005 டிசம்பரில் ஏட்டம் என்ற இன்னொரு வடிவம் இணையத் தரமாக வந்தது. வாசகருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. இவற்றைப் படித்துக் காட்டும் செயலிதான் ரீடர்; எல்லா ரீடரும் இரண்டையும் படிக்கும். தமிழ்ப் பதிவர்கள் இதைச் ‘செய்தியோடை’ என்றார்கள், சுருக்கமாக ‘ஓடை’. ஓடைகளை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டும் தளம் ‘திரட்டி’. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம், பதிவுகளின் ஓடைகளைத் திரட்டித்தான் ஒரு தலைமுறைப் பதிவர்களை ஒருவரை ஒருவர் படிக்க வைத்தது. தமிழ்மணம் எல்லாருக்கும் பொதுவாகச் செய்ததை ரீடர் ஒருவருக்கு மட்டும் செய்கிறது, அவ்வளவுதான்.

2013 ஜூலை 1 அன்று கூகுள் நிறுவனம் தன் ‘கூகுள் ரீடர்’ சேவையை மூடியது. 2018 டிசம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 64 ஓடையைக் காட்டும் வசதியை நீக்கியது. இதைப் பார்த்துப் பலர் ஆர்எஸ்எஸ் ஒழிந்தது என்று நினைத்தார்கள். நீங்கியது உலாவிக்குள் இருந்த வசதிதான். ஓடைகள் அப்படியே இருக்கின்றன. முகவரி தெரிந்தால் போதும்.

ஓடை முகவரி எங்கே ஒளிந்திருக்கிறது

பெரும்பாலான ரீடர்களில் தளத்தின் முகப்பு முகவரியைக் கொடுத்தாலே ஓடையை அவை தேடி எடுத்துவிடும். அது நடக்காதபோதுதான் கையால் தேட வேண்டும். கீழே முகவரித் துண்டுகளை ஒலிப்பாகக் கொடுத்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல் தட்டவும்.

வேர்ட்பிரஸ் தளம் என்றால் முகவரியின் கடைசியில் சாய்கோடு போட்டு ‘ஃபீட்’ என்று சேர்த்தால் முடிந்தது. இது ஒரு பிரிவுப் பக்கத்துக்கும் குறிச்சொல் பக்கத்துக்கும் கூட வேலை செய்யும். ஒரு செய்தித்தளத்தில் அறிவியல் மட்டும் வேண்டும் என்றால், அந்தப் பிரிவின் முகவரியோடு ‘ஃபீட்’ சேர்த்தால் அரசியலும் சினிமாவும் வராது. இதைப் பலர் கவனிப்பதில்லை. முழு ஓடையைச் சேர்த்துவிட்டு, அதிகமாக வருகிறது என்று பத்து நாளில் நீக்கிவிடுகிறார்கள்.

பிளாகர் தளத்தில் ஃபீட்ஸ், போஸ்ட்ஸ், டிஃபால்ட் என்ற மூன்று சொற்களையும் வரிசையாகச் சாய்கோடு இட்டுச் சேர்க்க வேண்டும். தமிழ் வலைப்பதிவுகளில் பெரும்பகுதி இங்கேதான் இருப்பதால் இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒரு சாய்கோடு, ஒரு கழித்தல் குறி, மறுபடி சாய்கோடு, பிறகு லேபிளின் பெயர் என்று தட்டினால் அந்த லேபிளுக்கான ஓடை மட்டும் வரும். லேபிள் தமிழில் இருந்தாலும் வேலை செய்யும். உலாவியில் முதலில் திறந்து பார்த்து, பட்டையில் விழும் முகவரியை அப்படியே நகலெடுப்பது பாதுகாப்பு.

சப்ஸ்டாக்கிலும் கடைசியில் ‘ஃபீட்’தான். மாஸ்டடான் சமூக ஊடகத்தில் ஒருவருடைய பக்க முகவரியோடு ‘புள்ளி ஆர்எஸ்எஸ்’ சேர்க்க வேண்டும். ரெடிட்டிலும் அதே ‘புள்ளி ஆர்எஸ்எஸ்’ வேலை செய்யும். ஆனால் ரெடிட்டின் வழக்கமான ஓடையைச் சேர்த்தால் மூச்சுமுட்டும். அந்தக் குழுவின் ‘டாப்’ பக்கத்தில் வாரம் என்று தேர்ந்து, அந்த முகவரியின் ஓடையைச் சேர்த்தால் வாரத்தில் மேலெழுந்தவை மட்டும் வரும். மென்பொருள் நிரல்களை வைக்கும் கிட்ஹப்பில் ஒரு திட்டத்தின் ரிலீசஸ் பக்கத்தோடு ‘புள்ளி ஏட்டம்’ சேர்த்தால் புதிய பதிப்பு வரும்போது தெரியும். வீட்டில் சர்வர் வைத்திருப்பவர்கள் தாங்கள் ஓட்டும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் இதைச் சேர்த்துவிடுவது நல்லது. பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் பதிப்பு வந்த செய்தி மின்னஞ்சலில் புதைவதைவிட இங்கே கண்ணில் படும்.

யூடியூப் கொஞ்சம் சுற்றிவளைக்கும். ஒவ்வொரு சேனலுக்கும் ஆங்கில யூ, சி என்ற பேரெழுத்துகளில் தொடங்கும் 24 எழுத்து அடையாளம் ஒன்று உண்டு. சேனல் பக்கத்தில் விளக்கத்தை விரித்து, ‘ஷேர் சேனல்’ என்பதை அழுத்தினால் ‘காப்பி சேனல் ஐடி’ என்று வரும். யூடியூப் முகவரிக்குப் பின் ஃபீட்ஸ், சாய்கோடு, வீடியோஸ் புள்ளி எக்ஸ்எம்எல், கேள்விக்குறி, சேனல் அடிக்கோடு ஐடி, சமக்குறி, அதன்பின் அந்த அடையாளம். இதில் கடைசி 15 வீடியோக்கள் இருக்கும். குறுவீடியோக்களும் நேரலைகளும் சேர்ந்தே வரும் என்பதுதான் தொல்லை. அதற்கும் ஒரு வழி இருக்கிறது. ‘சேனல் ஐடி’ இருந்த இடத்தில் ‘பிளேலிஸ்ட் அடிக்கோடு ஐடி’ என்று மாற்றி, அடையாளத்தின் முதலிரண்டு எழுத்துகளான யூ, சி இரண்டையும் எடுத்துவிட்டு யூ, யூ, எல், எஃப் என்று நான்கு பேரெழுத்துகளைப் போட்டால் முழுநீள வீடியோக்கள் மட்டும் வரும். இது யூடியூப் தன் உதவிப் பக்கங்களில் சொல்லாத வசதி. என்றைக்கு வேண்டுமானாலும் நின்றுபோகலாம். ஓடை திடீரென 404 (பக்கம் இல்லை) என்று காட்டினால் உடனே நீக்கிவிட வேண்டாம். பலமுறை சில மணி நேரத்தில் தானாகச் சரியாகும்.

தொழில்நுட்ப இணைப்புகளுக்கு வாசகர்கள் வாக்களிக்கும் ஹேக்கர் நியூஸ் தளத்தின் சொந்த ஓடை முகப்பில் உள்ள 30 இணைப்புகளைத் தரும். அந்த முகப்பு நாள் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், இரவு ரீடரைத் திறப்பவருக்கு நூற்றுக்கு மேல் சேர்ந்திருக்கும். இதற்கு எச்என்ஆர்எஸ்எஸ் என்ற தனி சேவை இருக்கிறது. அதில் ‘நியூவெஸ்ட்’ ஓடையோடு ‘பாயின்ட்ஸ்’ என்ற அளவை 100 அல்லது 200 என்று கொடுத்தால் அத்தனை வாக்கு வாங்கியவை மட்டும் வரும். 200 வைப்பதுதான் நல்லது. தினம் கையடக்கமான எண்ணிக்கையில் வரும், முக்கியமான எதுவும் தப்பாது.

ரீடரைத் தேர்வதும் நிறுவுவதும்

மேக், ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்கு நெட்நியூஸ்வயர் போதும். இலவசம், திறந்த மூலம். விண்டோசிலும் லினக்சிலும் தனியாக ரீடர் எதையும் நிறுவாமல் தொடங்க, தண்டர்பேர்ட் மின்னஞ்சல் செயலியிலேயே ஓடைக் கணக்கு ஒன்று உண்டு. ஆனால் ஃபோனில் படித்தது கணினியிலும் படித்ததாகத் தெரிய வேண்டும் என்றால் நடுவில் ஒரு சர்வர் தேவை. ஃபீட்லி, ஐநோரீடர் போன்ற சேவைகளில் கணக்கு தொடங்குவது ஒரு வழி. வீட்டிலேயே ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ் அல்லது மினிஃபிளக்ஸ் ஓட்டுவது இன்னொரு வழி. கைவேலையில் ஆசை உள்ளவர்களுக்கு இரண்டாவதே சுகம்.

மினிஃபிளக்ஸ் ஒற்றைக் கோப்பு, வேகமானது, அலங்காரம் எதுவும் கிடையாது. ஆனால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் கட்டாயம். ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ் பிஎச்பியில் எழுதப்பட்டது. எஸ்கியூலைட் வைத்தே ஓடும் என்பதால் தனியாகத் தரவுத்தளம் நிறுவ வேண்டாம். ஒருவர் பயன்பாட்டுக்கு 1 ஜிபி நினைவகமுள்ள ராஸ்பெர்ரி பை 3 தாராளம். முதல்முறை நிறுவுபவருக்கு ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ்தான் ஏற்றது.

மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரில் நிறுவும்போது நான்கு விஷயங்களைச் சரியாகச் செய்தால் பின்னால் தலைவலி இல்லை.

முதலாவது, ‘டேட்டா’ கோப்புறையை டாக்கர் வால்யூமாக வெளியே வைக்க வேண்டும். இதை மறந்தால் எல்லாம் நன்றாக ஓடுவதுபோலத் தெரியும். அடுத்த பதிப்புக்கு மாற்றிக் கன்டெய்னரைப் புதிதாக எழுப்பியதும் ஓடைகள், படித்த குறிகள், நட்சத்திரமிட்டவை எல்லாம் போய்விடும். ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ கோப்புறைக்கும் ஒரு வால்யூம் கொடுத்துவிடலாம்.

இரண்டாவது, ‘கிரான் அடிக்கோடு மின்’ என்று பேரெழுத்தில் எழுதும் சூழல் மாறி, அதாவது கன்டெய்னருக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு. இதற்கு மதிப்பு கொடுக்காவிட்டால் ஓடைகள் தாமாகப் புதுப்பிக்கப்படாது. ரீடரைத் திறந்து கையால் புதுப்பித்தால் மட்டும் வரும். ‘ஏன் பழைய செய்தியே இருக்கிறது’ என்று புதியவர்கள் திகைப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். 1,31 என்று கொடுத்தால் ஒவ்வொரு மணியிலும் முதல் நிமிடத்திலும் முப்பத்தொன்றாவது நிமிடத்திலும் புதுப்பிக்கும். 0,30 என்று வைக்காமல் 7,37 போல ஒதுக்குப்புறமான நிமிடத்தை எடுப்பது நல்ல பழக்கம். உலகில் பாதிப்பேர் மணியடித்த நிமிடத்தில் எல்லாத் தளங்களின் கதவையும் தட்டுகிறார்கள்.

மூன்றாவது, நேர மண்டலம். ‘டிஇசட்’ மாறிக்கு ஆசியா சாய்கோடு கொல்கத்தா, அல்லது இலங்கையில் இருப்பவர்கள் ஆசியா சாய்கோடு கொழும்பு என்று கொடுக்காவிட்டால், பதிவுகளின் நேரம் ஐந்தரை மணி பின்தங்கித் தெரியும். அதிகாலையில் வந்தவை ‘நேற்று’ப் பட்டியலில் கிடக்கும்.

நான்காவது, ஃபோன் செயலிக்கான கடவுச்சொல். ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ்சில் உள்நுழையும் கடவுச்சொல்லும் ஏபிஐ (பிற செயலிகள் இணையும் வழி) கடவுச்சொல்லும் வேறு வேறு. அங்கீகார அமைப்புகளில் ஏபிஐயை அனுமதித்து, பிறகு பயனர் விவரப் பக்கத்தில் ஏபிஐக்கென்று தனிக் கடவுச்சொல் வைக்க வேண்டும். ஃபோன் செயலியில் கொடுக்க வேண்டிய முகவரி ஏபிஐ, சாய்கோடு, ஜிரீடர் புள்ளி பிஎச்பி என்று முடியும். கூகுள் ரீடர் மூடப்பட்ட பிறகும் அதன் ஏபிஐ வடிவம் செயலிகளுக்கு இடையில் பொதுமொழியாக வாழ்கிறது என்பது எனக்குப் பிடித்த தகவல்.

ராஸ்பெர்ரி பையில் ஓட்டுபவர்கள் தரவை எஸ்டி அட்டையில் வைக்க வேண்டாம். அரை மணிக்கொரு முறை எழுதப்படும் தரவுத்தளம் மலிவான அட்டையை நாளடைவில் தேய்த்துவிடும். யூஎஸ்பி வழியாக ஒரு பழைய எஸ்எஸ்டி மாட்டினால் போதும். வெளியிலிருந்து படிக்க ரவுட்டரில் போர்ட் திறப்பதைவிட வயர்கார்ட் போன்ற விபிஎன் நல்லது. ஓடை ரீடருக்காக வீட்டுப் பிணையத்தை ஊருக்குத் திறந்துவைக்க வேண்டியதில்லை.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது

120 ஓடைகளை அரை மணிக்கு ஒருமுறை கேட்டால் ஒரு நாளைக்கு 5,760 கோரிக்கைகள். இது அதிகம்போலத் தெரிந்தாலும், ஒழுங்கான ரீடர் ஒவ்வொரு முறையும் முழு ஓடையை இறக்குவதில்லை. சென்றமுறை சர்வர் கொடுத்த ஈடேக் முத்திரையைத் திருப்பிக் காட்டி, ‘இதற்குப் பிறகு ஏதாவது மாறியதா’ என்று கேட்கும். மாறவில்லை என்றால் சர்வர் 304 என்று சொல்லி முடித்துக்கொள்ளும்; சில நூறு பைட்டுகள்தான் செலவு. இந்த வசதி இல்லாத தளத்தில் 200 கேபி ஓடையை ஒரு நாளில் 48 முறை முழுதாக இறக்கினால் 9.6 எம்பி. அது ஒரு சிறு பதிவரின் வாடகை சர்வருக்கு, ஆயிரம் வாசகர் இருந்தால், தாங்காத சுமை. மாதத்துக்கு இரண்டு பதிவு எழுதும் ஒருவரின் ஓடையை அரை மணிக்கொரு முறை தட்டுவதில் பொருளும் இல்லை. ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ்சில் ஓடைவாரியாக இடைவெளி வைக்கலாம். அப்படிப்பட்டவற்றுக்கு ஒரு நாள் வையுங்கள்.

நேர்மாறான தவறும் உண்டு. எக்ஸ்கேசிடியின் ஓடையில் கடைசி நான்கு சித்திரங்கள்தான் இருக்கும். வாரம் மூன்று வருவதால், பத்து நாள் அணைத்துவைத்த மடிக்கணினியில் ரீடர் இருந்தால் இடையில் ஒன்று விட்டுப்போகலாம். எப்போதும் விழித்திருக்கும் சர்வர் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை. எக்ஸ்கேசிடி படிப்பவர்களுக்கு இன்னொன்று: சித்திரத்தின் மேல் சுட்டியை வைத்தால் தெரியும் மறைவரியில்தான் பாதி நகைச்சுவை இருக்கிறது. ஃபோன் ரீடர்களில் படத்தை நீண்ட நேரம் அழுத்தினால் அது வரும். சில செயலிகளில் வரவே வராது. செயலியைத் தேர்வதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்துபாருங்கள்.

429 என்று பதில் வந்தால் நீங்கள் அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள் என்று பொருள். ரெடிட் இதை அடிக்கடி சொல்லும், குறிப்பாக ரெடிட்டின் பத்து ஓடைகளை ஒரே நொடியில் கேட்டால். அவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி வையுங்கள். 403 என்றால் பெரும்பாலும் தளத்துக்கு முன்னால் நிற்கும் கிளவுட்ஃபிளேர் போன்ற காவல் உங்கள் ரீடரை இயந்திரம் என்று தடுக்கிறது. இதை நம் பக்கத்தில் பெரும்பாலும் சரிசெய்ய முடியாது. தள உரிமையாளருக்கு எழுதினால் ஓடை முகவரிக்கு மட்டும் விலக்கு வைக்க அவரால் முடியும். பலருக்குத் தங்கள் ஓடை தடுக்கப்படுவதே தெரியாது.

வகை பிரிக்கும்போது தலைப்பைப் பார்க்காதீர்கள்

எல்லாரும் முதலில் லினக்ஸ், விண்வெளி, விளையாட்டு, தமிழ் என்று பொருள்வாரியாகக் கோப்புறை போடுவார்கள். இரண்டு மாதத்தில் ஒவ்வொரு கோப்புறையிலும் சத்தமான ஒரு தளம் மற்றவற்றை மூடிவிடும். வேகவாரியாகப் பிரியுங்கள். மாதத்துக்கு நான்கு பதிவு வரை எழுதுபவை ‘சொட்டு’. வாரத்துக்குப் பத்துப் பதினைந்து வரை வருபவை ‘வாய்க்கால்’. அதற்கு மேல் எல்லாம் ‘வெள்ளம்’.

சொட்டில் வருவதை ஒன்றுவிடாமல் படிக்க வேண்டும். தனிப் பதிவர்கள், மாதமொருமுறை சேனல்கள், நீங்கள் ஓட்டும் மென்பொருளின் புதிய பதிப்புகள் எல்லாம் இங்கே. வாய்க்காலில் தலைப்பைப் பார்த்துத் தேர்ந்து படிக்கலாம். வெள்ளத்தில் வந்தவை இரண்டு நாளில் படிக்கப்படாவிட்டால் தாமாகப் படித்ததாகக் குறியிடப்பட வேண்டும். ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ்சில் கோப்புறைக்கோ ஓடைக்கோ இத்தனை பதிவுதான் வைத்திருக்க வேண்டும், இத்தனை நாளுக்கு மேல் நீக்க வேண்டும் என்று விதி போடலாம். நட்சத்திரமிட்டதை நீக்காதே என்ற பெட்டியில் குறி இருக்கிறதா என்று மறக்காமல் பாருங்கள். ‘1,000 படிக்காதவை’ என்ற எண் மிரட்டுவதால்தான் ரீடரைக் கைவிடுகிறார்கள். அந்த எண்ணை உருவாக்குவது பெரும்பாலும் நான்கைந்து வெள்ள ஓடைகள்தான்.

தமிழ் ஓடைகளை வடிகட்டும்போது

வேண்டாத பதிவுகளை ஒதுக்க, ஆங்கிலத்தில் ஒரு சொல்லை ரீடரின் வடிகட்டியில் போட்டால் வேலை முடிந்தது. தமிழில் அப்படி இல்லை. வேற்றுமை உருபு சேர்ந்ததும் சொல்லின் கடைசி மாறிவிடும். ‘விளம்பரம்’ என்று வடிகட்டி போட்டால் ‘விளம்பரத்தை’, ‘விளம்பரங்கள்’ என்பவற்றில் முதலாவது தப்பிவிடும், இரண்டாவதும் தப்பிவிடும். மகரமெய் போய்விட்டது அல்லவா. ‘விளம்பர’ என்று மகரமெய் இல்லாமல் போட்டால் மூன்றும் சிக்கும். ‘பரிசு’ என்று போட்டால் ‘பரிசை’ தப்பும், ஏனென்றால் கணினிக்கு ‘சு’ என்பது சகரமும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறிகள். உகரக்குறியை விட்டு ‘பரிச’ என்று போடுங்கள். ‘கிரிக்கெட்’ போல வல்லின மெய்யில் முடியும் கடன்சொற்களை அப்படியே போடலாம். ‘கிரிக்கெட்டில்’ என்பதிலும் அந்த எழுத்துத் தொடர் முழுசாக இருக்கும். ‘படம்’ போன்ற குட்டிச் சொற்களில் இந்த உத்தி ஆபத்து: ‘பட’ என்று போட்டால் ‘படகு’, ‘படிப்பு’ என்று எல்லாம் சிக்கும். ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ்சில் சாய்கோடுகளுக்கு இடையில் ரெஜெக்ஸ் (தேட வேண்டிய எழுத்துத் தொடரின் வடிவத்தைச் சொல்லும் குறிமுறை) கொடுக்கலாம். ‘பட’ என்பதற்குப் பின் மகரம் அல்லது தகரமெய் வர வேண்டும் என்று எழுதினால் பாதிச் சிக்கல் தீரும். தலைப்பில் மட்டும் தேட ‘இன்டைட்டில்’ என்ற சொல்லையும் முக்காற்புள்ளியையும் முன்னால் போட வேண்டும்.

வடிகட்டி சரியாக இருந்தும் ஒரு தளத்தில் மட்டும் பிடிக்காவிட்டால், ஒகர, ஓகார உயிர்மெய்களைச் சந்தேகியுங்கள். ‘கொ’ என்பதை ககரமும் ஒற்றை ஒகரக் குறியுமாக எழுதலாம். ககரத்தோடு கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றேபோல் தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. யுனிகோட் இவற்றைச் சமமென்று வரையறுத்திருந்தாலும், எல்லா மென்பொருளும் தேடுவதற்கு முன் ஒன்றாக்குவதில்லை. அந்தத் தளத்திலிருந்தே சொல்லை நகலெடுத்து வடிகட்டியில் ஒட்டினால் சரியாகும்.

தலைப்பின் கடைசியில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால் அது உங்கள் எழுத்துருவின் தவறல்ல. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டுகள். தளத்தின் நிரல் இடைவெளியில்லாத தலைப்பை 100 பைட்டில் வெட்டினால், 33 குறிகள் முழுசாகவும் முப்பத்துநான்காவது குறி ஒரு பைட்டோடு அறுந்தும் நிற்கும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்த நிரல்களில் இது சகஜம். எழுதியவருக்குச் சொல்லுங்கள்: பைட்டில் வெட்டாமல், குறிகளிலும் வெட்டாமல், பயனர் பார்க்கும் முழு எழுத்தில் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் ‘கி’ என்பதன் இகரக் குறி போய் ‘க’ மட்டும் நிற்கும்.

ஓடை உடைவது எதனால்

ஓடை என்பது எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் எழுதிய கோப்பு. எக்ஸ்எம்எல் மன்னிக்காது. தலைப்பில் ‘மற்றும்’ என்பதைச் சுட்டும் ஆம்பர்சாண்ட் குறி, அதற்கான மாற்றெழுத்து இல்லாமல் நின்றாலே மொத்த ஓடையும் படிக்க முடியாமல் போகும். வேர்ட்பிரசில் அடிக்கடி வரும் பிழை இன்னொன்று: ஏதோ ஒரு தீம் கோப்பிலோ பிளகினிலோ பிஎச்பி தொடங்கும் குறிக்கு முன்னால் ஒரு வெற்றுவரி நுழைந்துவிடும். வலைப்பக்கத்தில் அது தெரியாது. ஓடையிலோ எக்ஸ்எம்எல் அறிவிப்பு முதல் வரியில் இல்லை என்று ரீடர் மறுத்துவிடும். சமீபத்தில் திருத்திய கோப்பைத் திறந்து முதல் வரியையும் கடைசி வரியையும் பார்த்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். டபிள்யூ3சி நடத்தும் ஓடைச் சரிபார்ப்பான் எந்த வரியில் பிழை என்று காட்டும்.

ஒரு தளத்தின் பழைய பதிவுகள் எல்லாம் ஒரே நாளில் புதிதாக வந்து குவிந்தால், அது குயிட் மாறியதன் விளைவு. ஒவ்வொரு பதிவுக்கும் ஓடையில் குயிட் என்ற ஒரு நிலையான அடையாளம் உண்டு. ரீடர் அதை வைத்துத்தான் பார்த்ததா இல்லையா என்று அறிகிறது. சிலர் பதிவின் முகவரியையே அடையாளமாக வைத்திருப்பார்கள். எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்சுக்கோ புதிய டொமைனுக்கோ மாறிய அன்று எல்லா அடையாளமும் மாறிவிடும். அந்த ஓடையை முழுதும் படித்ததாகக் குறியிட்டுவிட்டுக் கடந்துபோக வேண்டியதுதான்.

சொந்தமாக நிரல் எழுதித் தளம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓடையில் தேதியை ஆங்கில மாதப் பெயரிலேயே எழுதுங்கள். ஆர்எஸ்எஸ் விதி அதுதான். வாசகருக்கு அழகாக இருக்கட்டும் என்று ‘மார்ச்’, ‘ஏப்ரல்’ என்று தமிழில் வைத்தால் ரீடருக்குப் புரியாது. பதிவு 1970 ஜனவரியில் போய் விழும், அல்லது ஒவ்வொரு புதுப்பித்தலிலும் இப்போதுதான் வந்ததாக மேலே வந்து நிற்கும்.

பாட்காஸ்ட்டும் ஓடைதான்

ஓடையில் ‘என்குளோஷர்’ என்ற ஒரு குறியைச் சேர்த்து, அதில் ஒலிக்கோப்பின் முகவரி, அளவு, வகை மூன்றையும் வைத்ததுதான் பாட்காஸ்ட். 2005 ஜூனில் ஐடியூன்ஸ் இதை ஏற்றுக்கொண்டதும் பெருகியது. ஒரு செயலிக்குள் மட்டுமே கேட்கக் கிடைக்கும் நிகழ்ச்சிக்குப் பொது ஓடை இருக்காது. கண்டிப்பாகப் பார்த்தால் அது பாட்காஸ்ட் அல்ல.

ஆண்ட்ராய்டில் ஆன்டெனாபாட் சிறந்தது. திறந்த மூலம், விளம்பரம் இல்லை. தானாக இறக்கும் வசதியைச் சொட்டு நிகழ்ச்சிகளுக்கு மட்டும் வையுங்கள். கணக்கு எளிது: 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரம் 57.6 எம்பி, 64 கேபிபிஎஸ் பேச்சொலி 28.8 எம்பி. 128 தரத்தில் தினம் மூன்று மணி நேரம் இறங்கினால் மாதத்தில் 5 ஜிபி தாண்டும். வைஃபையில் மட்டும் இறக்கு என்ற அமைப்பும் கேட்டதும் நீக்கு என்ற அமைப்பும் இருக்கட்டும். நடுநடுவே விளம்பரத்தைச் செருகும் சேவைகளில் கோப்பின் நீளம் இறக்கும் ஒவ்வொரு முறையும் மாறலாம்; நிகழ்ச்சிக் குறிப்பில் கொடுத்த நிமிடமும் வினாடியும் பொருந்தாமல் போவதற்குக் காரணம் அதுவே.

காப்பும் களையெடுப்பும்

எந்த ரீடரானாலும் ஓடைப் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக வெளியே எடுக்கலாம். 200 ஓடைகள் இருந்தாலும் சில பத்து கேபிதான் வரும். மாதம் ஒருமுறை எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். ஓபிஎம்எல்லில் பட்டியலும் கோப்புறைகளும் மட்டும்தான் வரும், படித்த குறியும் நட்சத்திரமும் வராது. அவை வேண்டுமென்றால் தரவுத்தளத்தையே நகலெடுக்க வேண்டும்.

பழைய ஓபிஎம்எல் கோப்பைத் திறப்பவர்கள், குறிப்பாகத் தமிழ்ப் பதிவுகளைச் சேர்த்துவைத்திருந்தவர்கள், இரண்டு முகவரிகளைத் தேடிப் பார்க்க வேண்டும். ஒன்று, பிளாக்ஸ்பாட் புள்ளி இன் என்று முடிபவை. 2020இல் அந்த டொமைன் கூகுளின் கையை விட்டுப்போனது. கோப்பை உரைத்திருத்தியில் திறந்து எல்லாவற்றையும் ‘புள்ளி காம்’ என்று மாற்றினால் பதிவுகள் அப்படியே கிடைக்கும். மற்றொன்று, கூகுளின் ஓடைச் சேவையான ஃபீட்பர்னரின் முகவரிகள். அவற்றில் வேலை செய்யாதவற்றுக்குப் பதில் மேலே சொன்ன பிளாகர் ஓடையை நேரடியாகக் கொடுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை பிழை காட்டும் ஓடைகளைப் பாருங்கள். 301 என்றால் தளம் இடம் மாறியிருக்கிறது, புதிய முகவரியை எழுதிவிடலாம். மாதக்கணக்கில் 404 என்றால் உலாவியில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு நீக்கலாம். சொந்த டொமைன் புதுப்பிக்கப்படாமல் கைமாறி, சூதாட்ட விளம்பரம் பதிவுகளாக வரத் தொடங்கினால் உடனே நீக்க வேண்டும். ஆனால் பிழை எதுவும் இல்லாமல் வெறுமனே அமைதியாக இருக்கும் பதிவர்களின் ஓடையைத் தொடாதீர்கள். ஆறு ஆண்டு எழுதாதவராக இருந்தாலும் இடைவெளியை ஒரு நாள் என்று மாற்றிச் சொட்டுக் கோப்புறையிலேயே விட்டுவைக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு 304, சில நூறு பைட்டுகள். அவர் மறுபடி எழுதும் அன்று காலையில் அது முதல் வரிசையில் இருக்கும்.